‘கேஸ் டிரபிள்’தானே என்று விட்டுவிடலாமா? - புற்றுநோயை முளையிலேயே காட்டும் ஒளி!

காலை ஏழு மணிக்கெல்லாம் கோரிமேடு பரபரப்பாகிவிடும். திண்டிவனம் பக்கமிருந்து வரும் பஸ் ஜிப்மர் வாசலில் நின்றால் பாதி பஸ் காலி. கையில் எக்ஸ்ரே கவர், பழைய சீட்டுகள் திணித்த மஞ்சள் பை, டிபன் கேரியர் சகிதம் இறங்குகிறவர்கள் புதுச்சேரிக்காரர்கள் மட்டுமல்ல. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று சுற்றுவட்டார மாவட்டங்கள் எல்லாம் அந்த வரிசையில் நிற்கும். 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசுதான் இந்த ஜிப்மர். 1964-ல் ஜவஹர்லால் பெயரைப் பெற்று, 2008-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக உயர்ந்தது.

இங்கே என்றில்லை, எந்த ஊரில் வயிறு - குடல் டாக்டரின் அறை வாசலில் நின்றாலும் ஏறக்குறைய ஒரே உரையாடல்தான் காதில் விழும்.

“வயித்துல எரிச்சல் டாக்டர். எட்டு மாசமா இருக்கு. கேஸ்தான்னு நெனச்சோம்.”

“மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போட்டேன். போட்டா நிக்குது, விட்டா வருது.”

பக்கத்தில் நிற்கும் மனைவி குறுக்கிடுவார். “சோறு பாதிதான் டாக்டர் எறங்குது. இடுப்புல வேட்டி நிக்கல. சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு.”

இப்படி வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு வெறும் அமிலத் தொந்தரவோ, ஆறக்கூடிய புண்ணோதான் இருக்கும். ஆனால், சிலருக்கு அது இரைப்பைப் புற்றுநோயாகவோ, உணவுக்குழாய்ப் புற்றுநோயாகவோ இருந்துவிடுகிறது. சீரகத் தண்ணி, ஓமத் தண்ணி, சோடா, கடைசியாக மெடிக்கல் ஷாப் மாத்திரை என்று எல்லாப் படியும் ஏறி இறங்கிவிட்டு அவர்கள் வரும்போது நோய் வெகுதூரம் போயிருக்கும். இதில் ஒரு கொடுமையும் உண்டு. அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல், பேன்டோப்ரசோல் போன்ற மாத்திரைகள், புற்றுப்புண்ணின் எரிச்சலையும் கொஞ்ச நாள் அடக்கிவைக்கும். ‘மாத்திரை கேட்குது, அப்போ கேஸ்தான்’ என்ற முடிவு பல நேரம் தப்பாவது இதனால்தான்.

முளையிலேயே ஏன் பிடிக்க வேண்டும்?

இரைப்பையின் சுவர் ஒரே தோல் அல்ல. உள்ளே வழவழவென்று ஒரு சவ்வு, அதன் அடியில் ரத்தக்குழாய்கள் ஓடும் ஓர் அடுக்கு, அதன் கீழே தசை, வெளியே ஓர் உறை. புற்றுநோய் உள்சவ்வில்தான் பிறக்கிறது. அந்த மேலடுக்குகளிலேயே இருக்கும்போது கண்டுபிடித்துச் சிகிச்சை கொடுத்தால், ஐந்து ஆண்டுகள் கழித்தும் நலமாக இருப்பவர்கள் 90 சதவீதத்துக்கும் மேல். தசையைத் துளைத்து, நிணநீர் முடிச்சுகளுக்கும் கல்லீரலுக்கும் போய்விட்டால் அந்த எண்ணிக்கை தலைகீழாகச் சரிந்துவிடுகிறது.

இன்னொரு லாபமும் இருக்கிறது. உள்சவ்வோடு நிற்கும் சின்னப் புற்றை, வயிற்றைக் கிழிக்காமல் எண்டோஸ்கோப் குழாய் வழியாகவே கத்தியை அனுப்பிச் சுரண்டி எடுத்துவிடலாம். ஜப்பானிய மருத்துவர்கள் 1990-களில் வளர்த்தெடுத்த முறை இது. இரைப்பை முழுசாக மிஞ்சும். சில நாளில் வீடு திரும்பலாம்.

தென்கொரியா 1999-ல் தொடங்கிய தேசியப் பரிசோதனைத் திட்டத்தில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரைப்பைப் பரிசோதனை உண்டு. அங்கே இந்த நோய் அத்தனை அதிகம். இந்தியாவில் மிசோரம் போன்ற வடகிழக்கு மாநிலங்களில்தான் மிக அதிகம். அதற்கடுத்து, இந்தியப் பெருநகரங்களில் சென்னையின் கணக்கு பல காலமாகவே உயர்ந்து நிற்கிறது. எல்லோருக்கும் எண்டோஸ்கோப்பி என்ற திட்டம் நம் நாட்டில் இல்லை. ஆகவே, தொந்தரவு என்று வருகிறவருக்குச் செய்யும் அந்த ஒரு பரிசோதனையிலேயே எதையும் தவறவிடக் கூடாது.

ஆனால், தவறுகிறது. மேல்வயிற்றுப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களின் பழைய சீட்டுகளைப் புரட்டிப் பார்த்த பல நாட்டு ஆய்வுகள் சொல்லும் சேதி இது: சுமார் பத்தில் ஒருவருக்கு, அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் எண்டோஸ்கோப்பி செய்து, ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பியிருக்கிறார்கள்.

டாக்டரின் கண்ணில் கோளாறா? இல்லை. ஆரம்பப் புற்று கட்டியாக இருக்காது. லேசான சிவப்பு, கொஞ்சம் வெளுப்பு, ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான். வெள்ளையடித்த சுவரில் ஈரக்கசிவு ஆரம்பிக்கும்போது நேராகப் பார்த்தால் தெரியாது. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் பூரிப்பு தெரியும். அதே கதைதான். எந்த வெளிச்சத்தில் பார்க்கிறோம் என்பதுதான் கேள்வி.

வாள் விழுங்கியவரும் பஞ்சாப்காரரும்

வயிற்றுக்குள் வெளிச்சம் போன கதை சுவாரஸ்யமானது. 1868-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் அடால்ஃப் குஸ்மால் என்ற டாக்டர், வித்தை காட்டும் ஒரு வாள் விழுங்கியைக் கூப்பிட்டு, நேரான உலோகக் குழாயை விழுங்கவைத்தார். குழாய் போனது. விளக்கு வெளிச்சம் போதவில்லை. 1932-ல் ருடால்ஃப் ஷிண்ட்லர் ஓரளவு வளையும் கருவியைக் கொண்டுவந்தார். அதுவும் நோயாளிக்குச் சோதனைதான்.

திருப்பம் 1954-ல் வந்தது. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் பேராசிரியர் ஹெரால்ட் ஹாப்கின்ஸோடு சேர்ந்து, முடி போன்ற கண்ணாடி இழைகளைக் கற்றையாகக் கட்டி, வளைந்த பாதையிலும் படத்தைக் கடத்திக் காட்டினார். இன்று நம் வீட்டு இன்டர்நெட் வரை ஓடும் ஃபைபர் ஆப்டிக்ஸுக்கு அந்தப் பெயரைப் பிரபலமாக்கியவரும் அவர்தான். 2021-ல், மறைவுக்குப் பின், அவருக்கு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. அந்த இழைகளை வைத்து வளையும் எண்டோஸ்கோப்பை உருவாக்கிய பேசில் ஹிர்ஷோவிட்ஸ், 1957-ல் அதை முதலில் தானே விழுங்கிப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிக்குப் போட்டார்.

இப்போது குழாயின் நுனியில் கேமரா சில்லு இருக்கிறது. படம் பெரிய திரையில் பளிச்சென்று தெரிகிறது. இனி எந்த நிற ஒளியை அனுப்புவது என்பதில்தான் வித்தையே இருக்கிறது.

விரலை டார்ச் மேல் வையுங்கள்

இருட்டில் செல்போன் டார்ச்சை எரியவிட்டு, விரலை அதன் மேல் அழுத்திப் பாருங்கள். விரல் சிவப்பாக ஒளிரும். டார்ச் வெள்ளைதான். ஆனால், சிவப்பு ஒளி மட்டுமே சதையைத் துளைத்து மறுபக்கம் வருகிறது. நீலமும் பச்சையும் வழியிலேயே தங்கிவிடுகின்றன. அவற்றில் பெரும்பங்கை விழுங்குவது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின்.

இந்தச் சின்ன உண்மைதான் என்.பி.ஐ. என்ற குறும்பட்டை ஒளி முறையின் அடிப்படை. ஜப்பானின் ஒலிம்பஸ் நிறுவனமும் அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய் மையத்தின் மருத்துவர்களும் உருவாக்கிய இது, 2000-களின் நடுவில் ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது. டாக்டர் எண்டோஸ்கோப்பின் கைப்பிடியில் ஒரு பட்டனை அழுத்துவார். வெள்ளை ஒளி போய், 415 நானோமீட்டர் நீலமும் 540 நானோமீட்டர் பச்சையும் மட்டும் பாயும். நீலம் சவ்வின் மேற்பரப்பைத் தாண்டி ஆழமாகப் போகாது. ஆகவே, அங்கிருக்கும் நுண் ரத்தக்குழாய்கள் கரும்பழுப்புக் கோடுகளாகத் துலங்கும். சற்று ஆழத்தில் இருப்பவை நீலப்பச்சையாகத் தெரியும்.

புற்று வளர ரத்தம் வேண்டும். அவசர அவசரமாகப் புதுக் குழாய்களை இழுத்துக்கொள்ளும். அவை ஒழுங்காக இருக்காது. ஆரோக்கியமான சவ்வில் கோலப் புள்ளி வைத்தாற்போல வரிசையாக இருக்கும் குழாய்கள், அந்த இடத்தில் மட்டும் கோணல்மாணலாக முறுக்கிக் கிடக்கும். ஒழுங்கு எங்கே முடிகிறது, குழப்பம் எங்கே தொடங்குகிறது என்ற எல்லைக்கோடு தெரிந்துவிட்டால், டாக்டரின் சந்தேகம் உறுதியாகிறது. வெள்ளை ஒளியில் பாதிக்குப் பாதி நழுவிய ஆரம்ப உணவுக்குழாய்ப் புற்றுகள், இந்த ஒளியில் ஏறக்குறைய எல்லாமே சிக்கின என்று 2010-ல் வெளியான ஜப்பானிய ஆய்வு காட்டியது. வேறு நிறுவனங்களின் கருவிகளிலும் இதே போன்ற வசதிகள் வேறு பெயர்களில் உள்ளன.

அவுரி நீலமும் அயோடினும்

இவ்வளவு விலையுயர்ந்த கருவி இல்லாத இடத்தில்? சாயம் இருக்கிறது.

பள்ளியில் உருளைக்கிழங்கின் மேல் அயோடின் சொட்டு விட்டது நினைவிருக்கிறதா? மாவுச்சத்து கருநீலமாகும். உணவுக்குழாயின் நல்ல செல்களில் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தின் தம்பி இருக்கிறது. லூகால் அயோடினைத் தெளித்தால் அவை பழுப்பாகும். அவசரமாகப் பெருகும் புற்றுச் செல்களிடம் கிளைக்கோஜன் சேமிப்பு குறைவு. அந்த இடம் மட்டும் சாயம் ஏறாமல் வெளிறித் தெரியும்.

இரைப்பைக்கு இண்டிகோ கார்மைன் என்ற நீலச்சாயம். இது சவ்வில் ஊறாது. பள்ளங்களில் தேங்கி, மேடு பள்ளத்தை எடுப்பாகக் காட்டும். இதன் பூர்வீகம், நம் அவுரிச் செடியிலிருந்து எடுத்த அதே நீலம். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் புதுச்சேரியிலிருந்து அவுரி நீலம் தோய்த்த துணி, ‘கினி’ துணி என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்கா வரை கப்பலேறியது. அந்த நீலத்தின் வழித்தோன்றல் இன்று வயிற்றுக்குள் புற்றின் விளிம்பை வரைந்து காட்டுகிறது!

பேங்க் விளக்கும் கண் ஆஸ்பத்திரி ஸ்கேனும்

பேங்கில் கேஷியர் ரூபாய் நோட்டைப் புற ஊதா விளக்கின் கீழ் காட்டுவார். அதில் பதித்த இழைகள் மின்னும். நம் உடம்பிலும் அப்படி ஒளிரும் பொருள்கள் உண்டு. கொலாஜன் என்ற நார்ப்புரதம் அதில் முக்கியமானது. சவ்வின் மேல் நீல ஒளியைப் பாய்ச்சினால், அடியில் இருக்கும் கொலாஜன் பச்சையாக ஒளிரும். புற்று வந்து சவ்வு தடித்துவிட்டால் அந்தப் பச்சை மங்கிவிடும். 1984-ல் நியூயார்க் பேராசிரியர் ராபர்ட் அல்ஃபானோவின் குழு, நல்ல திசுவும் புற்றுத் திசுவும் வெவ்வேறாக ஒளிர்வதைப் பதிவுசெய்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் மருத்துவ இயற்பியல் துறையில் பேராசிரியர் எஸ். கணேசனின் குழுவும் இதே வழியில் வாய்ப் புற்றுநோய் குறித்து ஆய்வுகள் செய்திருக்கிறது. வாய்ப் புற்றுநோயைக் கண்டறிய இந்த ஒளிர்வைப் பயன்படுத்தும் ‘ஓரல்ஸ்கேன்’ என்ற கையடக்கக் கருவியை, திருவனந்தபுரத்தின் சாஸ்கேன் மெடிடெக் நிறுவனம் 2020-ல் வெளியிட்டது.

இதில் ஒரு குறை: வெறும் அழற்சி இருந்தாலும் பச்சை மங்கும். தேவையில்லாத பீதி கிளம்பும். எனவே, வயிற்றில் இதைத் தனியாக நம்புவதில்லை.

சர்க்கரை நோய்க்காரர்கள் கண் ஆஸ்பத்திரிக்குப் போனால் விழித்திரைக்கு ‘ஓ.சி.டி.’ ஸ்கேன் எடுப்பார்கள், தெரியுமா? ஒலிக்குப் பதில் ஒளியை வைத்து எடுக்கும் அல்ட்ராசவுண்ட் என்று வைத்துக்கொள்ளலாம். 1991-ல் அமெரிக்காவில் பிறந்த இந்த முறையால், ஓரிரு மில்லிமீட்டர் ஆழம் வரை சுவரின் அடுக்குகளை வெட்டாமலேயே குறுக்குவெட்டாகப் பார்க்க முடியும். 2013-ல் பாஸ்டனில் கேரி டியர்னியின் குழு இதை ஒரு மாத்திரைக் குப்பிக்குள் அடக்கி, நூல் கட்டி விழுங்கவைத்து, உணவுக்குழாயைப் படமெடுத்துக் காட்டியது.

கோடியில் ஒன்று

இனி நம் வீட்டுக் கதை. 1928 பிப்ரவரி 28. கல்கத்தாவில் திருச்சிக்காரரான சி.வி. ராமன், வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து செய்த ஆய்வில் கண்டது இதுதான்: ஒளி ஒரு பொருளின் மேல் பட்டுச் சிதறும்போது, மிகச் சிறு பகுதி மட்டும் நிறம் மாறித் திரும்புகிறது. அந்த மாற்றம், அது மோதிய மூலக்கூறைப் பொறுத்தது. எவ்வளவு சிறு பகுதி? ஏறக்குறைய கோடி ஒளித்துகளில் ஒன்று. 1930-ல் நோபல் பரிசு. பிப்ரவரி 28-ஐ இன்றும் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம்.

அந்தக் கோடியில் ஒன்றுதான் இப்போது வயிற்றுக்குள் துப்பறிகிறது. முன்சொன்ன முறைகள் எல்லாம் உருவத்தைக் காட்டுபவை. ராமன் முறை வேதியியலைச் சொல்கிறது. புற்றாக மாறும் செல்லில் புரதம், கொழுப்பு, டி.என்.ஏ. ஆகியவற்றின் விகிதம் மாறுகிறது. உருவம் கெடும் முன்பே இந்தக் கைரேகை மாறத் தொடங்கலாம் என்பதுதான் விஞ்ஞானிகளின் நம்பிக்கை.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஷிவெய் ஹுவாங்கின் குழு, எண்டோஸ்கோப்பின் கருவித் துளை வழியே போகும் மெல்லிய ராமன் இழையை உருவாக்கியது. டாக்டர் சந்தேக இடத்தில் அதைத் தொட்டால், ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் கம்ப்யூட்டர் அதன் ரேகையைப் படித்து, சந்தேகத்தின் அளவைச் சொல்லும். நவி மும்பையில் டாடா நினைவு மையத்தின் ஆய்வுக்கூடத்தில் முரளி கிருஷ்ணாவின் குழு, வாய்ப் புற்றுநோய்க்கு இதே ராமன் முறையை ஆராய்ந்திருக்கிறது. ஒரு தமிழர் கண்டெடுத்த விளைவு, நூறு ஆண்டுகளை நெருங்கும்போது ஏழை எளியவரின் வயிற்றுக்கு உதவ வருகிறது.

பட்டன் இருந்தால் போதுமா?

ராமன் இழை பெரும்பாலும் இன்னும் ஆய்வு மருத்துவமனைகளின் சங்கதி. கருவி விலை அதிகம், திசுவின் சொந்த ஒளிர்வு அந்த மெல்லிய சமிக்ஞையை மறைத்துவிடும், பழகிய கைகள் வேண்டும். எந்த ஒளியும் பயாப்ஸிக்கு மாற்று அல்ல. எந்த இடத்தில் கிள்ள வேண்டும் என்று ஒளி வழிகாட்டும். கிள்ளிய திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவரே தீர்ப்புச் சொல்வார்.

ஆனால், செலவே இல்லாத ஒரு மருந்து இருக்கிறது. நேரம்! சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில் நடந்து, 2015-ல் வெளியான ஆய்வு, இயல்பான பரிசோதனைக்குச் சராசரியாக ஏழு நிமிடத்துக்கு மேல் எடுக்கும் மருத்துவர்கள், வேகமாக முடிப்பவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு ஆபத்தான இடங்களைக் கண்டுபிடித்ததைக் காட்டியது. குழாய் போவதற்கு முன் ஒரு கரைசல் குடிக்கச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். நுரையும் சளியும் ஒதுங்கினால்தான் ஒளி சவ்வைத் தொடும். கண்ணாடி அழுக்காக இருந்தால் நல்ல டார்ச் இருந்து என்ன பயன்?

இப்போது செயற்கை நுண்ணறிவும் கைகொடுக்கிறது. பெருங்குடல் பரிசோதனையில் சந்தேக இடத்தைச் சுற்றிக் கட்டம் போட்டுக் காட்டும் மென்பொருளுக்கு அமெரிக்க அரசு 2021-ல் அனுமதி கொடுத்தது. களைத்துப்போன இரண்டு கண்களுக்குக் களைக்காத மூன்றாவது கண்!

எப்போது போக வேண்டும்?

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் மெடிக்கல் ஷாப்பைத் தாண்டி டாக்டரிடம் போய்விடுங்கள்:

• விழுங்கும்போது சோறோ இட்லியோ நெஞ்சில் தங்குவது. முதலில் கட்டியான உணவு, பிறகு கஞ்சிகூடச் சிரமம்

• முயற்சி செய்யாமலேயே எடை குறைவது

• நான்கு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது

• விடாத வாந்தி, ரத்த வாந்தி

• தார் போலக் கறுத்த மலம் (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் கறுக்கும், டாக்டரிடம் சொல்லுங்கள்)

• காரணம் தெரியாத ரத்தசோகை

• நடுத்தர வயதைத் தாண்டிய பிறகு புதிதாக ஆரம்பித்த அஜீரணம்

• அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் இருந்தது

டாக்டரிடம் கேட்கலாம்: “ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமிக்குச் சோதனை செய்யணுமா டாக்டர்?” இரைப்பையில் குடியிருக்கும் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததற்காக பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-ல் நோபல் பரிசு பெற்றார்கள். 1994-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதைப் புற்றுக்குக் காரணமாக அறிவித்தது. கிருமி உள்ள எல்லோருக்கும் புற்று வராது. இருந்தால் ஆன்டிபயாடிக் மாத்திரைகளால் ஒழிக்கலாம். கோர்ஸை முழுசாக முடிக்க வேண்டும்.

வீட்டில் செய்யலாம்: புகையிலை, பான், குட்கா, பீடி எல்லாவற்றுக்கும் விடை கொடுங்கள். மதுவும் புகையும் சேர்ந்தால் உணவுக்குழாய்க்கு ஆபத்து கூடிக்கொண்டே போகும். புதுச்சேரியில் சரக்கு விலை மலிவு என்பது பெருமை அல்ல. கருவாடு, ஊறுகாய் போன்ற உப்பில் ஊறியவற்றைத் தினசரி பழக்கமாக்காமல், எப்போதாவது ருசிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். காயும் பழமும் கூடட்டும்.

எண்டோஸ்கோப்பி என்றதும் பலருக்குப் பயம். தொண்டையில் மரத்துப்போகும் ஸ்பிரே அடிப்பார்கள். தேவைப்பட்டால் தூக்க ஊசி. வெறும் வயிற்றில் போக வேண்டும். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். குமட்டல் சில நிமிடம்தான்.

மத்தியானம் ஆனால் கோரிமேடு பஸ் ஸ்டாப்பில் திரும்பும் கூட்டம் சேரும். ‘வெறும் புண்தான், மாத்திரையில் ஆறிடும்’ என்று கேட்டவர் முகத்தில் அன்றைக்குத் தீபாவளி. ‘ஆரம்பத்திலேயே வந்தீங்க, குழாய் வழியாவே எடுத்துடலாம்’ என்று கேட்டவருக்கு அதைவிடப் பெரிய வரம் கிடைத்திருக்கிறது. அவருக்கே அது புரியக் கொஞ்ச நாளாகும். அந்த வாக்கியத்தைக் கேட்க முடியாமல் போகிறவர்கள், பெரும்பாலும் எட்டு மாதம் ‘கேஸ்தான்’ என்று காத்திருந்தவர்கள்.

ஒளி தயாராக இருக்கிறது. அதன் முன்னே நேரத்தோடு போய் உட்கார வேண்டியது நாம்தான். வீட்டில் யாராவது சோற்றைப் பாதியில் தள்ளி வைத்துக்கொண்டே இருந்தால், அடுத்த முறை ஓமத் தண்ணியோடு நிறுத்தாதீர்கள். கையைப் பிடித்து அழைத்துப் போங்கள்.